ஊருக்குள் வந்த உறுப்புரைகள்

1984 மே மாதம் கொழும்பிலிருந்து ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகத்துக்கு ஓர் அறிவித்தல் போனது. நாட்டில் அவசரகால நிலை நடப்பில் இருக்கிறது, ஆகவே குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 9(3), 14(3)(ஆ) ஆகிய இரு உறுப்புரைகளையும் 1983 மே 18 முதல் இடைநிறுத்தியிருக்கிறோம் என்பது அதன் சாரம். கைதானவரைத் தாமதமின்றி நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது முதலாவது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் எதிர்வாதத்தைத் தயாரிக்கவும் சட்டத்தரணியோடு பேசவும் போதிய அவகாசம் தர வேண்டும் என்கிறது இரண்டாவது. உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை இப்படி இடைநிறுத்த இடம் தருகிறது. நிறுத்தினால் உடனே சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறது. இலங்கை ஓராண்டு கழித்துச் சொன்னது. அதே உறுப்புரை, எந்த நெருக்கடி வந்தாலும் எந்த அரசும் கைவைக்கக்கூடாத சில உரிமைகளையும் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியலின் தலையில் நிற்பது உயிர்வாழும் உரிமை.

ஏழு மாதம் கழித்து, 1984 டிசம்பர் 4 அன்று, மன்னார்–மதவாச்சி வீதியில் இராணுவ ஜீப்புகள் கண்ணிவெடியில் சிக்கி ஒரு சிப்பாய் இறந்தார். அதற்குப் பதிலாக அன்று அந்த வீதி நெடுகப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் கறுப்புக் களிமண் வயல்களுக்கு நடுவே இருக்கிற முருங்கன் அந்த வீதியின் முக்கியச் சந்தி. நானாட்டானுக்கும் சிலாவத்துறைக்கும் இங்கிருந்துதான் பிரிய வேண்டும். பேருந்தில் போனவர்கள், தபாலகத்தில் வேலையில் இருந்தவர்கள், வயலில் நின்றவர்கள் என்று இறந்தோர் தொகை நூறைத் தாண்டியது. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன விசாரணைக்கு ஒரு குழுவை நியமித்தார். டிசம்பர் 13 அன்று முருங்கனில் பணிபுரிந்த மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் ஊருக்கு அருகிலேயே கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6 அன்று வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்டியன் தேவாலய வளவுக்குள் கொல்லப்பட்டார். அவர் இந்தியாவுக்குத் தப்பிப் போயிருக்கலாம் என்று அரசுத் தரப்பு அப்போது சொல்லிப் பார்த்தது. இந்தச் சாவுகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இலங்கை அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 1980 ஜூன் 11 அன்று. ஆகவே 1984 டிசம்பரில் முருங்கன் சந்தியில் சர்வதேச மனித உரிமைச் சட்டம் இல்லாமல் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அது இலங்கையைக் கட்டுப்படுத்தி வந்தது. ஆனால் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னார் நீதிமன்றப் படியேற முடியாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சித்திரவதைக்கு எதிரான உரிமை இருக்கிறது, சமத்துவம் இருக்கிறது, பேச்சுரிமை இருக்கிறது. உயிர்வாழும் உரிமை என்று தனியாக ஒரு வரி இன்றுவரை கிடையாது. எந்த நெருக்கடியிலும் தொடக்கூடாது என்று உலகம் முதலில் எழுதிவைத்த உரிமை, இந்த நாட்டின் அரசியலமைப்பில் எழுதப்படாமலே இருக்கிறது.

இலங்கை ஒப்பந்தங்களை மீறுகிறது என்ற பேச்சு பழையது. ஜெனீவாவில் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கேட்கிறோம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையிலிருந்து எந்த உறுப்புரை நாட்டுச் சட்டமாகிறது, எது ஜெனீவாவிலேயே விடப்படுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. குடிமகனைத் தண்டிக்க அரசுக்கு அதிகாரம் தரும் உறுப்புரை எளிதில் உள்ளே வந்துவிடுகிறது. அரசின் கையைக் கட்டும் உறுப்புரை வாசலிலேயே நிற்கிறது. முருங்கனைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத் தூரத்துக்குள் இதற்கான சான்றுகள் கிடைக்கின்றன.

முதலில் வாசல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சில நாடுகளில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்ற கணமே அது நாட்டுச் சட்டத்தின் பகுதியாகிவிடும். பிரித்தானிய மரபில் வந்த நாடுகளில் அப்படியில்லை. அரசாங்கம் கையெழுத்திடலாம், ஆனால் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றினால்தான் நீதிமன்றத்தில் அது செல்லும். இந்தியாவும் இலங்கையும் இந்த வகைதான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்திலும் 2007 கையெழுத்தோடு நிற்கிறது. இலங்கையோ சித்திரவதைச் சமவாயத்தை 1994 ஜனவரியில் ஏற்று அதே ஆண்டில் 22ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. காணாமல் ஆக்கப்படுதல் சமவாயத்தை 2016 மே மாதம் உறுதிப்படுத்தியது. காகிதத்தில் கொழும்பு டெல்லியைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் படம் மாறுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் விட்ட இடத்தைப் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தைக் கொண்டு நிரப்பியது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு அந்தத் தீர்ப்பின் வழிகாட்டு நெறிகளே பதினாறு ஆண்டுகள் சட்டம்போல நின்றன. இலங்கை நீதிபதிகளுக்கும் அந்தத் துணிவு இல்லாமல் போகவில்லை. 2000-இல் வீரவன்ச வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடித்துவைக்கப்பட்ட ஒருவரின் உரிமையை அளக்கும்போது சர்வதேச உடன்படிக்கையையும் நீதிமன்றம் கணக்கில் கொள்ள வேண்டும் என்றார். 2003-இல் ஸ்ரியானி சில்வா வழக்கு வந்தது. காவலில் இறந்துபோன ஒருவரின் மனைவி தொடுத்த மனு அது. நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் மரண தண்டனை கூடாது என்று அரசியலமைப்பின் 13(4) சொல்வதால் உயிர்வாழும் உரிமை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் படித்தெடுத்தது. எழுதப்படாத வரியை நீதிபதிகள் எழுதினார்கள். முருங்கன் சாவுகளுக்குப் பத்தொன்பது ஆண்டு பிந்தி.

(தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம். மாகாணங்களில் இருப்பது மேல் நீதிமன்றம்.)

அந்த வழி அகலமாகும் என்று நம்பிய காலத்தில்தான் சிங்கராசா வழக்கு வந்தது. நல்லரத்தினம் சிங்கராசா 1993 ஜூலையில் மட்டக்களப்பில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். அவருக்கு எதிரான சான்று அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே. அது சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே பெருவிரல் அடையாளம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் வந்தது முதல், பொலிஸ் உதவி அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால் அதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். அடித்தவர்களும் அடிபட்டவரும் மட்டும் இருந்த அறைக்கு அவர் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்? 1995-இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை முப்பத்தைந்தாகக் குறைத்தது.

1997 அக்டோபரில் இலங்கை உடன்படிக்கையின் விருப்பநெறிமுறையிலும் சேர்ந்திருந்தது. உள்நாட்டு வழிகள் எல்லாம் முடிந்த தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் நேரடியாக முறையிடலாம் என்பது அதன் பயன். சிங்கராசா முறையிட்டார். நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றியது தவறு, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது, அவருக்குப் பொருத்தமான பரிகாரம் தர வேண்டும் என்று குழு 2004 ஜூலையில் முடிவு சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். 2006 செப்டம்பர் 15 அன்று பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு அவருக்கு விடை தந்தது. மக்களின் நீதித்துறை அதிகாரத்தை வெளியே உள்ள ஒரு குழுவுக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் அந்த நெறிமுறையில் சேர்ந்தது அரசியலமைப்புக்கு முரண். ஆகவே குழுவின் முடிவு இங்கே செல்லாது. மனிதர் சிறையிலேயே இருந்தார்.

சட்டத் தர்க்கமாகப் பார்த்தால் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. நிறைவேற்றுத்துறை கையெழுத்தால் மட்டும் நாட்டுச் சட்டத்தை மாற்றக்கூடாது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் அதிலிருந்து, அந்தக் குழுவின் முடிவை ஒரு நீதிபதி படித்துப் பார்த்துத் தன் அறிவால் எடைபோடவும் கூடாது என்று எப்படி வரும்? வீரவன்ச வழக்கில் ஆறு ஆண்டுக்கு முன்பு அதே நீதிமன்றம் செய்ததும் அதைத்தானே? இன்னொரு முரணும் இருக்கிறது. விருப்பநெறிமுறையிலிருந்து இலங்கை விலகவில்லை. ஆகவே இன்றும் ஒருவர் ஜெனீவாவுக்கு முறையிடலாம், அங்கே வெல்லலாம். வென்று வந்தால் கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் அதற்குப் பெறுமதி இல்லை.

சிங்கராசா தீர்ப்பு உண்டாக்கிய ஓட்டையை அடைக்க 2007-இல் 56ஆம் இலக்கச் சட்டமாகக் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம் வந்தது. பெயரைப் பார்த்தால் உடன்படிக்கை முழுவதும் நாட்டுச் சட்டமாகிவிட்டது போலத் தோன்றும். சட்டம் பிறந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகையைத் தந்திருந்தது. இருபத்தேழு சர்வதேச ஒப்பந்தங்களைச் செயற்படுத்துவது அதற்கான நிபந்தனை. ஆடை ஏற்றுமதி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் நிறைவேறிய சில மாதத்தில், 2008 மார்ச்சில், ஜனாதிபதி கேட்டதற்கிணங்க உயர் நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்தும் தந்தது: அரசியலமைப்பு, ஏனைய சட்டங்கள், புதிய சட்டம் எல்லாமாகச் சேர்ந்து உடன்படிக்கையின் உரிமைகளை நிறைவு செய்கின்றன என்று. பிரசல்ஸ் அதை நம்பவில்லை. 2010 ஆகஸ்டில் சலுகை நின்றது. திரும்பக் கிடைத்தது 2017 மே மாதம்.

சட்டத்துக்குள் என்ன இருக்கிறது? சட்டத்தின் முன் ஒருவரை ஆளாக ஏற்பது, குற்ற விசாரணையில் சில பாதுகாப்புகள், குழந்தைகளின் உரிமை, பொது விவகாரங்களில் பங்கேற்பது. இவற்றோடு 3ஆம் பிரிவு. இன, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து ஆண்டு வரை சிறை, பிணை கேட்டு மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உடன்படிக்கையில் 19ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது, 20ஆம் உறுப்புரை வெறுப்புப் பேச்சைத் தடை செய்கிறது; ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்படி இரண்டும் அடுத்தடுத்து எழுதப்பட்டவை. இலங்கைச் சட்டத்துக்குள் 20 வந்தது, 19 வரவில்லை. உயிர்வாழும் உரிமையான 6ஆம் உறுப்புரையும் வரவில்லை. பேச்சுரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறதே என்று பதில் வரும். சரி, உயிர்வாழும் உரிமை எங்கே இருக்கிறது?

முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்முறைக்குப் பின் 2018-இல் வெறுப்பைத் தூண்டிய சிலர் மீது 3ஆம் பிரிவு பாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது இருக்க வேண்டிய சட்டம்தான். ஆனால் அடுத்த ஆண்டே சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பௌத்த துறவிகள் வாழ்வைத் தொட்ட ஒரு சிறுகதைக்காக அதே பிரிவில் கைதாகி நான்கு மாதம் உள்ளே இருந்தார். 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சாகியிருந்தது. அதைத் தர்மசக்கரம் என்று பார்த்த பொலிஸ் அவரை இந்த மனித உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்துவைத்தது. மனித உரிமை உடன்படிக்கையை அமுலாக்கும் சட்டமே மனித உரிமை அமைப்புகள் அஞ்சும் சட்டமாக மாறிய நாடுகள் உலகில் அதிகம் இருக்காது.

முருங்கனிலிருந்து சிலாவத்துறை வீதியில் தெற்கே போனால் முசலிப் பிரதேசம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தப் பக்கத்து ஊர்களும் ஒரேயடியாகக் காலியாயின. மனித உரிமை உடன்படிக்கைகள் அரசுகளுக்கிடையே செய்யப்பட்டவை. ஊரைவிட்டு ஓடச் சொன்ன ஆயுத அமைப்பை எந்தக் குழுவின் முன்னும் நிறுத்த அவற்றில் இடமில்லை. புத்தளம் முகாம்களில் ஏழு ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகுதான் 1998-இல் உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டு நெறிகளே ஐ.நா.வில் உருவாயின. அவையும் எவரையும் கட்டுப்படுத்தாதவை.

அந்த முசலியைச் சேர்ந்தவர் அஹ்னாப் ஜஸீம். ஆசிரியர், கவிஞர். 2017-இல் 'நவரசம்' என்ற தொகுப்பை வெளியிட்டார். வன்முறைக்கும் ஐஎஸ் அமைப்புக்கும் எதிரான கவிதைகளும் அதில் உண்டு. 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ்க் கவிதையைத் தமிழில் படிக்கத் தெரிந்தவர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்பது விசாரணையின் தொடக்கத்தில் பெரிதாக எண்ணப்படவே இல்லை. பத்தொன்பது மாதம் காவலில் இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு மேல் நீதிமன்றம் கடைசியில் சரியாகத் தீர்த்தது என்பதை மதிக்க வேண்டும். ஆனால் 1979ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை அவருக்காக எவரும் கேட்க முடியாது. நிறைவேறிய சட்டத்தைக் கேள்விக்குட்படுத்த அரசியலமைப்பின் 80(3) தடை போடுகிறது. இந்தியாவில் ஒரு சட்டத்தையே அடித்து வீழ்த்த முடியும். இங்கே மசோதாவாக இருக்கும் சில நாட்களுக்குள் கேட்டால்தான் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கும் உச்சக் காலத்தை 2022-இல் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள். ஜெனீவாவில் ஒரு முன்னேற்றமாக அது வாசிக்கப்பட்டது.

இனிக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். மன்னார் மறைமாவட்டத்து ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரி 8 அன்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பதிவுகளின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டார். இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பதிவான இரண்டு எண்களை எடுத்துக் கழித்துக் காட்டி விளக்கம் கேட்டார். சர்வதேசச் சட்ட மொழியில் இதற்குப் பெயர் உண்மையை அறியும் உரிமை. காணாமல் ஆக்கப்படுதல் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை பின்னாளில் இலங்கையைக் கட்டுப்படுத்தியபோது அதில் இருந்தது அந்த ஆயர் கேட்ட கேள்விதான். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் மறையும்வரை அந்தக் கழித்தல் கணக்குக்கு அரசு தரப்பிலிருந்து நேரான விடை வரவில்லை.

2015 அக்டோபரில் மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்தை இலங்கையே சேர்ந்து முன்மொழிந்தது. அதன் தொடர்ச்சியாக 2016-இல் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உருவாக்கியது. மன்னாரிலும் அதற்குக் கிளை உண்டு. அந்தச் சட்டத்தின் 13(2)ஆம் பிரிவைக் குடும்பங்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது; அலுவலகத்தின் கண்டறிதல்கள் எந்தக் குற்றவியல் பொறுப்பையும் குடியியல் பொறுப்பையும் உண்டாக்கா என்கிறது அது. தேடலாம், கண்டுபிடிக்கலாம், ஆனால் கண்டுபிடித்ததால் எவர் மீதும் வழக்கு எழாது. தேடும் அமைப்பையும் வழக்குத் தொடரும் அமைப்பையும் பிரித்துவைப்பதற்கு உலகில் முன்னுதாரணங்கள் உண்டு, சாட்சிகள் அஞ்சாமல் பேச அது உதவும் என்ற வாதமும் நியாயமானதே. வழக்குத் தொடரும் மற்றக் கையையும் ஒருவர் கட்டி எழுப்பியிருந்தால் அந்த வாதம் நிற்கும். சிறப்பு நீதிமன்றம் என்ற வாக்குறுதி தீர்மானத்தோடு போனது. 2020 பிப்ரவரியில் புதிய அரசு அந்தத் தீர்மானத்திலிருந்தே விலகிக்கொண்டது.

மன்னார் மண் இந்த இடைவெளியை நேரில் காட்டியது. 2013 டிசம்பர் 20 அன்று திருக்கேதீஸ்வரத்தருகே குடிநீர்க் குழாய்க்காக வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் தென்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. 2018 மார்ச்சில் மன்னார் நகர வாயிலில் சதொச விற்பனை நிலையக் கட்டட வேலைக்குத் தோண்டிய மண்ணை நிலம் நிரப்ப வாங்கியவர் வளவில் எலும்புத் துண்டுகள் கிடக்க, மீண்டும் நீதவான் நீதிமன்றம் அகழ்வுக்கு உத்தரவிட்டது. சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ச தலைமையிலும் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ துணையோடும் மாதக்கணக்கில் தோண்டினார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் இருபதுக்கு மேல் குழந்தைகளுடையவை. ஆறு மாதிரிகள் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை. 1544-இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி மன்னாரில் கிறிஸ்தவரானவர்களைக் கொன்ற நிகழ்ச்சியும் அந்தக் காலவரம்புக்குள் வருகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அத்தோடு அகழ்வு நின்றுபோனது.

அந்த ஆறு மாதிரிகளின் வயது சரியாகவே இருக்கலாம். ஆய்வகத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. முந்நூறில் ஆறு போதுமா, மண் அடுக்குகளும் உடன் கிடந்த பொருட்களும் என்ன சொல்கின்றன, தோண்டாமல் விட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது என்பவை குடும்பங்களின் கேள்விகள். சட்டவிரோதக் கொலை என்று ஐயம் எழும் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கு 2016-இல் திருத்தப்பட்ட மினசோட்டா நெறிமுறை இருக்கிறது. விசாரணை சுதந்திரமாக இருக்க வேண்டும், சான்றுப் பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும், குடும்பங்களுக்கு இடம் வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். இலங்கையில் புதைகுழிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையை வைத்துக்கொண்டு ஒரு நீதவான் சமாளிக்கிறார். தற்கொலை ஒன்றுக்கும் விபத்து ஒன்றுக்கும் மரண விசாரணை நடத்த எழுதப்பட்ட அதே ஏற்பாடு. நீதவான் மாற்றலாகிப் போனாலோ நிதி வராமல் நின்றாலோ வேலை தடைபடும். 2023-இல் கொக்குத்தொடுவாயிலும் 2025-இல் செம்மணி சித்துப்பாத்தியிலும் எலும்புகள் வந்தபோதும் நிலைமை அதேதான்.

சட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கிலோமீற்றரிலும் அளக்கலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் மட்டுமே போட முடியும். அது கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது; முருங்கனிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். பிள்ளை கொண்டுபோகப்பட்ட ஒரு தாய்க்கு அந்த ஒரு மாதம் எப்படிக் கழியும்? பொலிஸ் நிலையம், இராணுவ முகாம், கிராம சேவகர், பங்குத்தந்தை, மீண்டும் முகாம். சத்தியக்கடதாசி முடிக்கச் சமாதான நீதவானைத் தேட வேண்டும், கொழும்புச் சட்டத்தரணிக்குக் காசு பார்க்க வேண்டும். ஒரு சின்ன வழி 1996ஆம் ஆண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கச்சேரிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டிய தகவல் அது.

பக்கத்திலேயே கிடைக்கும் வழி ஒன்றும் உண்டு. பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் ஆட்கொணர்வு மனுவைக் கேட்கும் அதிகாரம் வந்தது. 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் 2013 முதல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் அதைப் பயன்படுத்தின. அவற்றில், அனந்தி சசிதரனின் கணவர் எழிலன் தொடர்பானதில் இராணுவத்துக்கு எதிராக உத்தரவு வந்தது 2022 டிசம்பரில். ஒன்பது ஆண்டு. ஆனாலும் ஜெனீவாவின் எந்தத் தீர்மானமும் செய்யாத ஒன்றை அந்த நீதிமன்றம் செய்தது: கொண்டுபோனது யார் என்று பெயர் சொல்லி, கொண்டுவா என்றது. பல நூற்றாண்டுப் பழமையான ஆங்கிலேயப் பரிகாரம், இருபத்தோராம் நூற்றாண்டுச் சமவாயத்தைவிட இங்கே நன்றாக உழைக்கிறது.

காணாமல் ஆக்கப்படுதல் சமவாயத்தை நாட்டுச் சட்டமாக்கிய 2018ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் உள்ளே வந்த விதமே தனிக் கதை. மசோதா 2017 பிப்ரவரியில் வெளியானது. விவாதம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது. 2018 மார்ச் 7 அன்று, 225 பேர் கொண்ட அவையில் 53 பேர் ஆதரித்து 16 பேர் எதிர்க்க நிறைவேறியது. வலிந்து காணாமல் ஆக்குதல் குற்றமானது, இருபது ஆண்டு வரை சிறை. உறவினருக்கு உண்மையை அறியும் உரிமையும் எழுதப்பட்டது. ஆனால் தனிமனிதர் சமவாயத்தின் குழுவிடம் முறையிடுவதற்கான அறிவிப்பை இலங்கை செய்யவில்லை. இன்னொரு நாடு முறையிடலாம் என்று மட்டும் ஏற்றது. எந்த நாடு முருங்கனின் ஒரு தாய்க்காக முறையிடப் போகிறது? அதைவிடப் பெரிது, இந்தச் சட்டம் எதிர்காலத்துக்கு மட்டுமே, கடந்த போருக்குப் பொருந்தாது என்று அன்றைய அரசு அவைக்குள்ளும் வெளியிலும் கொடுத்த உறுதிமொழி.

கடந்ததற்குப் பொருந்த வைக்க முடியாது என்பது சட்டமா? அரசியலமைப்பின் 13(6) பின்னோக்கிய தண்டனையைத் தடுக்கிறது. கூடவே ஒரு விதிவிலக்கையும் வைத்திருக்கிறது. செய்த காலத்திலேயே உலக நாடுகள் ஏற்ற பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த செயலை விசாரித்துத் தண்டிக்க அந்தத் தடை குறுக்கே நிற்காது. இது வெறும் ஏட்டு வாசகம் என்று எண்ண வேண்டாம், அரசு ஏற்கெனவே கையாண்டது. 1982 ஜூன் 30 அன்று சேபால ஏக்கநாயக்க என்ற இலங்கையர் டெல்லியிலிருந்து டோக்கியோ போன அலிட்டாலியா விமானத்தைக் கடத்திப் பாங்கொக்கில் நிறுத்திவைத்துப் பணத்தோடு நாடு திரும்பினார். அப்போது இலங்கையில் விமானக் கடத்தலுக்கென்று சட்டம் இருக்கவில்லை. சில வாரங்களுக்குள் 1982ஆம் ஆண்டு 24ஆம் இலக்கச் சட்டம் வந்தது, விமானப் பாதுகாப்புச் சமவாயங்களை உள்ளே கொண்டுவந்து, கடத்தல் நடந்த நாளையும் உள்ளடக்கும்படி பின்னோக்கி. அவர் தண்டிக்கப்பட்டார். 13(6)இன் விதிவிலக்கு இதற்குப் பொருந்தும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

காணாமல் ஆக்கப்படுதலைப் பொறுத்தவரை அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. ஆளின் கதி தெரியாத ஒவ்வொரு நாளும் குற்றம் தொடர்கிறது என்பதே சர்வதேசச் சட்டத்தின் நிலைப்பாடு. சமவாயத்தின் 8ஆம் உறுப்புரையும் அதன் தொடர் தன்மையை ஏற்கிறது. 2009-இல் சரணடைந்து இன்றும் கணக்கில் வராதவருக்கு எதிரான குற்றம் 2018-இலும் நடந்துகொண்டிருந்தது, இப்போதும் நடக்கிறது. ஆனால் மன்னார் வீதியில் சுடப்பட்டவர்களின் வழக்கு வேறு; அவர்கள் காணாமல் போகவில்லை, உடல்கள் கிடந்தன. அவர்களுக்கு வேண்டியது 1982-இல் செய்ததுபோல ஒரு பின்னோக்கிய பிரிவு. என் வாசிப்பில் அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, சாதாரண பெரும்பான்மை போதும்.